கரும்பலகைக்கு முன்னால் யார் நிற்பது? – நியூ ஆர்லியன்ஸ் சேவியர் கல்லூரியின் ஆசிரியர்கள்

பி.எட். படிப்பைப் பற்றி நம் இளைஞர்களிடம் பேச்செடுத்தாலே ஒரு சலிப்பு தெரிகிறது. வேறு எதுவும் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு, பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான படிப்பு, டெட் தேர்வு எழுதி எழுதி வயது போகும் படிப்பு என்பார்கள். நாங்கள் களத்தில் சந்திக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பாதிப் பேர் இதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அந்தப் படிப்பில் சேரவும் செய்கிறார்கள். சலிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பணி நியமனம் இல்லாத இடத்தில் பட்டத்தை வைத்து என்ன செய்வது?

ஆனால் ஆசிரியர் படிப்பு என்பது ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு என்னவாக இருந்தது என்று வரலாற்றில் தேடிப் பார்த்தால், இந்தச் சலிப்புக்குள் அடங்காத கதைகள் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை இங்கே எழுதுகிறோம். இடம் அமெரிக்காவின் லூசியானா மாநிலம், நியூ ஆர்லியன்ஸ் நகரம். நிறுவனம், லூசியானா சேவியர் பல்கலைக்கழகம். கறுப்பின மக்களுக்கென உருவான கல்லூரிகள் அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. அவற்றில் கத்தோலிக்க நிறுவனம் இது ஒன்றுதான். இன்று இதன் பெயரைச் சொன்னால் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். கறுப்பின மாணவர்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவதில் பெரிய பல்கலைக்கழகங்களையே முந்தும் கல்லூரி என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்தப் புகழுக்கு அடியில் மறைந்து கிடப்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று. அதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

முன்கதையிலிருந்து தொடங்குவோம். 1830இல் லூசியானா ஒரு சட்டம் இயற்றியது. அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பவருக்குச் சிறைத்தண்டனை. வேதம் கேட்டால் காதில் ஈயம் என்ற மரபைப் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: இங்கே தண்டனை கற்பவனைவிடக் கற்பிப்பவரைக் குறிவைத்தது. படிப்பறிவு எந்த வழியாகப் பரவும் என்று அடிமை உடைமையாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் அந்நகரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஹென்ரியெட் டெலீல், அடிமைத்தளைக்கு வெளியே பிறந்த கலப்பினப் பெண். அடிமைகளுக்கும் ஏழைகளுக்கும் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக் கன்னியர் மடங்களில் தங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லாத நிலையில், 1842இல் தோழிகளோடு திருக்குடும்பச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். இன்னொருவர் மரி கூவான். மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, பிறகு விடுதலையானவர். 1837இல் அவர் இறந்தபோது தன் நிலத்தைக் கறுப்பின அநாதைக் குழந்தைகளுக்கான கத்தோலிக்கப் பள்ளிக்கு எழுதி வைத்திருந்தார். அதிகாரிகள் இழுத்தடித்ததில் பள்ளி திறக்கவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. கூவான் அம்மையாரிடமும் அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வரலாறு நம் விருப்பப்படி சுத்தமாக வந்து நிற்பதில்லை. ஆனாலும் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் கறுப்பினத்தவர்கள். சட்டம் தடுத்த காலத்திலேயே, சட்டத்தின் ஓட்டைக்குள் நின்று பாடம் நடத்தியவர்கள்.

திருச்சபை என்ன செய்துகொண்டிருந்தது? 1838இல் மேரிலாந்து மாநில இயேசு சபையினர் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 மனிதர்களை விற்றார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க அந்தப் பணத்தின் ஒரு பகுதி போனது. விற்கப்பட்டவர்கள் அனுப்பப்பட்ட இடம் இதே லூசியானாவின் கரும்புத் தோட்டங்கள். ஆக, கத்தோலிக்க உயர்கல்வியின் கணக்குப் புத்தகத்தில் கறுப்பின மக்களின் பெயர் முதலில் ஏறியது மாணவர் பட்டியலில் அல்ல, விற்பனைப் பட்டியலில். கோயிலுக்குள்ளும் அப்படித்தான். கறுப்பினத்தவருக்குப் பின்வரிசை இருக்கை. வெள்ளையர் நற்கருணை வாங்கி முடித்த பிறகே இவர்கள் முறை. கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம், கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சுவர் என்று பார்த்துப் பழகிய நம் கிறிஸ்தவத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகு ஒரு குறுகிய வெளிச்சம் வந்தது. 1868இல் லூசியானாவின் புதிய அரசியல் சட்டம் இனப் பாகுபாடுள்ள அரசுப் பள்ளிகளைத் தடை செய்தது. 1870 முதல் 1877 வரை நியூ ஆர்லியன்ஸின் சில பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைக் குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். தெற்கு மாநிலங்களில் அது அபூர்வம். 1877இல் கூட்டரசின் படைகள் விலகின. பழைய எஜமானர்கள் திரும்பி வந்தார்கள். 1892இல் அதே நகரில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி, திட்டமிட்ட போராட்டமாக வெள்ளையர் ரயில் பெட்டியில் ஏறிக் கைதானார். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று தீர்ப்பளித்து நாடு முழுவதும் பிரிவினைக்கு முத்திரை குத்தியது.

இதற்குப் பின் நடந்ததை மாணவர்கள் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். 1898இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். வாக்களிக்க எழுத்தறிவு வேண்டும், சொத்து வேண்டும், அல்லது 1867க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவரின் வாரிசாக இருக்க வேண்டும் என்றார்கள். 1896இல் லூசியானாவில் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,000 பேருக்கு மேல். 1900இல் சுமார் 5,000 பேர். அதே 1900இல் நியூ ஆர்லியன்ஸ் கல்வி வாரியம், கறுப்பினக் குழந்தைகளுக்கான அரசுப் பள்ளிகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியது. முதலில் வாக்கு போனது. இரண்டே ஆண்டில் ஆறாம் வகுப்பு போனது. வாக்குக்கு எழுத்தறிவைத் தகுதியாக்கிவிட்டு, எழுத்தறிவுக்கான கதவையும் மூடியது எவ்வளவு கச்சிதமான வேலை பாருங்கள்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினால் என்ன ஆகும்? குழந்தைகள் வேலைக்குப் போவார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும் விளைவு. தெரியாத இன்னொன்று உண்டு. அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர் கிடைக்க மாட்டார்கள். உயர்நிலைப் பள்ளி இல்லாமல் ஆசிரியப் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாமல் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லை என்பதையே காரணம் காட்டி இருக்கும் பள்ளியையும் மூடலாம். நகரத்தில் எஞ்சியிருந்தவை சில தனியார் சபைப் பள்ளிகளும் 1880இல் தொடங்கிய சதர்ன் பல்கலைக்கழகமும். அதையும் வெள்ளையர் குடியிருப்புக்கு நடுவில் இருக்கக் கூடாது என்று 1914இல் பேட்டன் ரூஜ் அருகே ஸ்காட்லண்ட்வில் என்ற ஊருக்குத் தள்ளிவிட்டார்கள். மேகசின் தெருவில் அதன் கட்டடம் காலியாக நின்றது.

இங்கேதான் கேத்தரின் டிரெக்ஸல் வருகிறார். பிலடெல்ஃபியாவின் வங்கிக் குடும்பத்துப் பெண். 1885இல் அவருடைய தந்தை இறந்தபோது விட்டுச் சென்ற சொத்து சுமார் ஒன்றரைக் கோடி டாலர். கேத்தரின் துறவறம் பூண்டு, 1891இல் கறுப்பின மக்களுக்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கும் பணியாற்றுவதற்கென ஒரு சபையைத் தொடங்கினார். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் அழைத்ததன் பேரில் அந்தக் காலிக் கட்டடத்தை வாங்கி, 1915இல் உயர்நிலைப் பள்ளி திறந்தார். 1917இல் அதோடு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி சேர்ந்தது. நகரத்தில் கறுப்பின மாணவருக்கான அரசு உயர்நிலைப் பள்ளி, மெக்டொனா 35, திறந்ததும் அதே 1917இல்தான். பதினேழு ஆண்டு இடைவெளி! ஒரு தலைமுறையே ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தது. 1925இல் கலை அறிவியல் கல்லூரி வந்தது. 1928இல் முதல் பட்டங்கள்.

(அதே 1925இல்தான் சென்னையில் இயேசு சபையினர் லயோலா கல்லூரியைத் தொடங்கினார்கள். இரண்டு ஊர், இரண்டு திருச்சபை வரலாறு, ஒரே ஆண்டு. நம் ஊர்க் கத்தோலிக்கக் கல்லூரிகள் முதல் பல பத்தாண்டுகளில் எந்தச் சாதி மாணவர்களுக்குப் பயன்பட்டன என்ற ஆய்வை யாராவது ஒரு தோழர் எம்.ஃபில்., பி.எச்டி. தலைப்பாக எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.)

சேவியரில் கலை அறிவியல் கல்லூரி வந்தது ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய பெரிய விவாதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதலைக்குப் பிறகு கறுப்பின மக்களுக்கு எந்தக் கல்வி வேண்டும்? 1868இல் சாமுவேல் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வெள்ளை ராணுவ அதிகாரி வர்ஜீனியாவில் ஹேம்ப்டன் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே படித்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் அலபாமாவில் டஸ்கீகி நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். தச்சு, செங்கல் அறுப்பு, விவசாயம், சமையல், தையல் என்று கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். வடக்கு மாநிலங்களின் தொழிலதிபர்கள் இந்த மாதிரிக்குப் பணத்தைக் கொட்டினார்கள். இதைத் தொழிற்கல்வி என்றே நாம் படித்து வருகிறோம். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1988இல் வெளியிட்ட நூலில் வேறொன்றைக் காட்டினார். ஹேம்ப்டன் அடிப்படையில் ஒரு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தச்சராகப் போகவில்லை, ஆசிரியராகத்தான் போனார்கள். அவர்களுக்கு நாள் முழுக்க உடலுழைப்பு கொடுத்ததன் நோக்கம் தொழில் கற்றுக்கொடுப்பதைவிட, இருக்கும் இடத்தில் அடங்கி உழைப்பதே நல்லொழுக்கம் என்ற மனநிலையை ஆசிரியருக்குள் ஏற்றுவது. அவர் அதை ஆயிரம் குழந்தைகளுக்கு எடுத்துச் செல்வார்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு தொலைநோக்கான திட்டம்! ஒரு சமூகத்தை அடக்கி வைக்க அதன் ஆசிரியர்களைப் பிடித்தால் போதும். தந்தை தொழிலையே பிள்ளை கற்க வேண்டும் என்று 1953இல் சென்னை மாகாணத்தில் வந்த கல்வித் திட்டத்தை நம் முன்னோர் எதிர்த்து விரட்டினார்கள். அங்கே அதன் அண்ணன் திட்டம் எழுபது ஆண்டு முன்பே ஆசிரியப் பயிற்சி என்ற பெயரில் நடந்திருக்கிறது.

டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸ் இதை எதிர்த்தார். 1903இல் வெளியான நூலில் வாஷிங்டனை நேரடியாக விமர்சித்தார். அவருடைய வாதத்தின் சாரம் எளிமையானது: தொழிற்பள்ளிகளுக்கும் ஆசிரியர் வேண்டுமே, அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? இலக்கியம், வரலாறு, தத்துவம், அறிவியல் படித்த ஆசிரியர் இல்லாமல் எந்தப் பள்ளியும் நிற்காது. ஆசிரியரைக் கல்லூரியில்தான் உருவாக்க முடியும்.

டிரெக்ஸல் குடும்பம் இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் நின்றது. வர்ஜீனியாவில் கேத்தரினின் சகோதரி லூயிஸ் கறுப்பின இளைஞருக்கு நடத்தியது தொழில், விவசாயப் பள்ளி. நியூ ஆர்லியன்ஸில் கேத்தரின் கட்டியது கலைக் கல்லூரி. எது அவரை மாற்றியது என்று ஊகிக்க வேண்டாம். விளைவு நமக்குப் போதும். சேவியரில் ஆசிரியராக விரும்பிய மாணவி கற்பித்தல் முறையோடு நின்றுவிடவில்லை. இலக்கியமும் வரலாறும் அறிவியலும் மறைக்கல்வியும் தத்துவமும் படித்தார். அதன் மேல் கற்பித்தல் பயிற்சி. மாநிலத்தின் ஆசிரியர் சான்றிதழ் பெறும் தகுதியோடு வெளியே வந்தார். டெலீலின் திருக்குடும்பச் சபையைச் சேர்ந்த கறுப்பினச் சகோதரிகளும் இங்கே படித்தார்கள். நகரத்தின் மற்ற கத்தோலிக்கக் கல்லூரிகள் தங்கள் சொந்தத் துறவியருக்கே கதவைத் திறக்காத காலம் அது.

படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள்? நகரப் பள்ளிகளுக்குப் போனவர்கள் உண்டு. தென் லூசியானாவின் சதுப்பு நிலக் கிராமங்களுக்குப் போனவர்களும் உண்டு. அரசு பள்ளி கட்டாத, கட்டினாலும் ஆண்டில் சில மாதமே நடத்திய ஊர்களில் டிரெக்ஸலின் பணத்தில் சிறு சிறு பள்ளிகள் எழுந்தன. சேவியரில் பயிற்சி முடித்த இளம் பெண்கள் அங்கே ஆசிரியைகளாகச் சென்றார்கள். பகலில் குழந்தைகள், ஞாயிறு மறைக்கல்வி, ஊரில் கடிதம் எழுதவும் படிக்கவும் ஒரே ஆள். நம் ஊரில் ஓராசிரியர் பள்ளிகளின் ஆசிரியர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கை புரியும். கேத்தரின் டிரெக்ஸலுக்கு 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று புனிதர் பட்டம் கிடைத்தது. அந்த ஆசிரியைகளில் பெரும்பாலோரின் பெயர்கூட எந்த நூலிலும் இல்லை.

புனிதரைப் பற்றியும் நாம் நேராகப் பேச வேண்டும். அவர் தன் பங்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு கோடி டாலரைச் செலவிட்டார். தனக்கென எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கறுப்பினத்தவருக்காகவே தொடங்கிய அவருடைய சபை, பல பத்தாண்டுகள் கறுப்பினப் பெண்களைத் துறவியராகச் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் கறுப்பினச் சபைகளுக்குப் போட்டியாகிவிடக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். காரணம் என்னவாக இருந்தாலும், அவர்களுக்காகச் சேவை, அவர்களோடு சமபந்தி இல்லை என்பதுதான் நடைமுறை. சேவியரின் தலைமையில் 1968 வரை இருந்தவர்கள் வெள்ளைச் சகோதரிகள். ஐம்பது ஆண்டு ஆசிரியர்களை உருவாக்கிய நிறுவனம், தன்னை நடத்தத் தகுதியான ஒரு கறுப்பினத்தவரை அதுவரை கண்டுபிடிக்கவில்லை! தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் நாங்கள் இந்த வரியை எழுதும்போது சிரித்துக்கொள்கிறோம்.

இன்னொரு சிக்கல் பணத்தின் வடிவத்தில் இருந்தது. தந்தையின் உயில்படி மகள்களுக்குக் கிடைத்தது மூலதனத்தின் வருமானம் மட்டும். வாரிசு இல்லாமல் அவர்கள் இறந்தால், உயிலில் பெயர் குறிப்பிட்ட அறநிறுவனங்களுக்கு மூலதனம் போய்விடும். கேத்தரினின் சபை 1885இல் பிறக்கவே இல்லை, அதனால் பட்டியலில் அதன் பெயர் இல்லை. 1955இல் அவர் 96 வயதில் இறந்தபோது சேவியரைத் தாங்கிய அந்த வருமானம் நின்றுபோனது. ஒரு தனிநபரின் நல்ல மனதை நம்பி நிற்கும் கல்விக்கு இதுதான் கதி. அரசு செய்ய வேண்டியதை ஏன் அரசிடம் கேட்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இந்த உயிலைக் காட்டலாம்.

இனி பட்டம் பெற்ற ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வருவோம். ஒரே தகுதி, ஒரே வேலை, ஆனால் கறுப்பின ஆசிரியருக்குக் குறைந்த சம்பளம். இதுதான் தெற்கு முழுவதும் வழக்கம். 1941இல் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின ஆசிரியர்கள், ஜோசப் மெக்கெல்பின் என்ற ஆசிரியரின் பெயரில், ஓர்லீன்ஸ் பாரிஷ் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். (லூசியானாவில் மாவட்டத்துக்குப் பெயரே 'பாரிஷ்', அதாவது பங்கு. பழைய கத்தோலிக்கக் காலத்து மிச்சம்.) வழக்கை நடத்தியவர்களில் உள்ளூர் வழக்கறிஞர் ஏ.பி. டூரோ ஒருவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் இன்னொருவர். 1942இல் வாரியம் இறங்கி வந்து சம்பளத்தைச் சமமாக்க ஒப்புக்கொண்டது. தகுதி குறைவு என்று சொல்லித் தப்பிக்க வாரியத்துக்கு வழியில்லை. பட்டம் அங்கே நீதிமன்றச் சான்றாக வேலை செய்தது. படிப்பு சுவரில் மாட்டும் காகிதம் என்று நினைக்கும் தோழர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்கலாம்.

சிபில் மோரியலின் கதை இன்னும் கூர்மையானது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, சேவியரில் இரண்டு ஆண்டு படித்து, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பட்டம் முடித்தவர். மாசசூசெட்ஸில் சிறிது காலம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பி ஆசிரியை ஆனார். 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. லூசியானா அரசு பதிலடியாகக் கொண்டுவந்தவற்றுள் ஒன்று: இன ஒருங்கிணைப்பை ஆதரிக்கும் எந்த அமைப்பிலும் அரசுப் பள்ளி ஆசிரியர் உறுப்பினராக இருக்கக் கூடாது. மீறினால் வேலை போகும். கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பே ஆசிரியர்கள்தான். அவர்களை மிரட்டிவிட்டால் இயக்கத்துக்கு ஆள் இருக்காது என்பது கணக்கு. அந்தச் சட்டத்தை எதிர்த்து மனுதாரராகத் தனியாக நின்றவர் சிபில் மோரியல். வென்றார். அவருடைய கணவர் எர்னெஸ்ட் மோரியல் சேவியரின் 1951ஆம் ஆண்டுப் பட்டதாரி. 1978இல் அந்நகரின் முதல் கறுப்பின மேயர் ஆனார். பாடநூல்களில் கணவர் இருக்கிறார்.

1960 நவம்பரில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், மத்திய அரசின் காவலர்கள் சூழ வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தது இதே நகரத்தில்தான். கத்தோலிக்கப் பள்ளிகள் எப்போது திறந்தன? பேராயர் ஜோசப் ரம்மல் 1956இலேயே இனப் பிரிவினை அறநெறிக்குத் தவறு என்று சுற்றுமடல் எழுதினார். எழுதிவிட்டு ஆறு ஆண்டு காத்திருந்தார். 1962இல்தான் ஆணை வந்தது. எதிர்த்து நின்ற மூன்று பிரிவினைவாதிகளைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அந்தத் துணிச்சலுக்கு மதிப்பளிக்கிறோம். அறநெறி தெரிந்ததற்கும் கதவு திறந்ததற்கும் இடையில் ஆறு ஆண்டு ஏன் ஆனது என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

1961 மே மாதம், பேருந்துகளில் இனப் பிரிவினையை மீறிப் பயணம் செய்த சுதந்திரப் பயணிகள் அலபாமாவில் அடிபட்டு நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தபோது, அவர்களை மாணவர் விடுதியில் தங்க வைத்தது சேவியர். ஏற்பாடு செய்தவர் அன்றைய மாணவர் துறைத் தலைவர் நார்மன் பிரான்சிஸ், 1952இல் அங்கேயே பட்டம் பெற்றவர். 1968 ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே நாளில், அவர் சேவியரின் தலைவர் பொறுப்பை ஏற்க ஒப்புக்கொண்டார். முதல் கறுப்பினத் தலைவர், துறவி அல்லாத முதல் தலைவர். 2015 வரை 47 ஆண்டு இருந்தார்.

இனி, நம் மாணவர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டிராத பகுதி. 1954 தீர்ப்பை நாம் வெற்றியாகவே கொண்டாடுகிறோம். வெற்றிதான். ஆனால் தீர்ப்பை நடைமுறைப்படுத்தியவர்கள் யார்? அதே வெள்ளைக் கல்வி வாரியங்கள். அவர்கள் கறுப்பினப் பள்ளிகளை மூடினார்கள், மாணவர்களை வெள்ளையர் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளைக் குழந்தைக்குக் கறுப்பின ஆசிரியை பாடம் நடத்துவதை அந்தப் பெற்றோர் ஏற்கவில்லை. 1954க்கும் 1965க்கும் இடையில் தெற்கிலும் எல்லை மாநிலங்களிலுமாகப் பதினேழு மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெஞ்சில் இடம் கிடைத்தது, கரும்பலகை போய்விட்டது.

டூபாய்ஸ் இதை முன்பே உணர்ந்திருந்தார். 1935இல் எழுதிய ஒரு கட்டுரையில், தனிப்பள்ளியா பொதுப்பள்ளியா என்பதைவிட, குழந்தையை மதிக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே கேள்வி என்ற பொருளில் வாதிட்டார். தன்னை வெறுக்கும் ஆசிரியரிடம் குழந்தை என்ன கற்கும்? இந்த டூபாய்ஸுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வில் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார் என்பது நம் தோழர்களுக்குத் தெரிந்திருக்கும். அம்பேத்கர் கொலம்பியாவில் ஜான் டூயி என்ற கல்விச் சிந்தனையாளரிடம் பாடம் கேட்ட 1913-16 ஆண்டுகளில்தான், அதே நாட்டின் இன்னொரு மூலையில் மேகசின் தெருப் பள்ளி திறந்தது.

இன்று அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் கறுப்பினத்தவர். ஆசிரியர்களில் அவர்கள் 6 அல்லது 7 சதவீதம்தான். இது வெறும் பிரதிநிதித்துவக் கணக்கு இல்லை. மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினக் குழந்தை பின்னாளில் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 சதவீதம் அதிகம் என்று அங்கே ஒரு பெரிய ஆய்வு கண்டது. நம் பக்கம் எத்தனை தோழர்கள், 'எங்கள் டீச்சரைப் பார்த்துத்தான் படிக்க வந்தேன்' என்று சொல்லியிருக்கிறார்கள்! எத்தனை பேர், வகுப்பறையில் சாதியைக் கேட்டு எழுப்பி நிறுத்திய ஆசிரியரால் பள்ளியை விட்டிருக்கிறார்கள்! நாங்கள் இடைநின்ற பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போது வறுமையைப் பற்றிய கேள்விக்குப் பதில் உடனே வருகிறது. ஆசிரியரைப் பற்றிய கேள்விக்கு அமைதிதான் வருகிறது. அம்மா உள்ளே போய்விட்ட பிறகு பிள்ளை பேசும்.

நியூ ஆர்லியன்ஸ் மட்டும் நீண்ட நாள் விதிவிலக்காக இருந்தது. சம்பளச் சமத்துவம், ஆசிரியர் சங்கம், சேவியர் போன்ற கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகர அரசுப் பள்ளி ஆசிரியர்களில் பத்துக்கு ஏழு பேர் கறுப்பினத்தவர், பெரும்பாலும் பெண்கள். வீடு கட்டியவர்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள், வட்டாரத்தில் வாக்காளர் பதிவுக்கு வீடு வீடாகப் போனவர்கள்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தது. சேவியர் வளாகம் வெள்ளத்தில் மூழ்கி, 2006 ஜனவரியில் மீண்டும் திறந்தது. நகரப் பள்ளிகளுக்கு அப்படி நடக்கவில்லை. பெரும்பாலான பள்ளிகளை மாநில அரசு கையகப்படுத்தித் தனியார் நிர்வாகத்தில் சார்ட்டர் பள்ளிகளாக்கியது. அகதிகளாகச் சிதறிக் கிடந்த 7,500 பள்ளி ஊழியர்கள் மொத்தமாகப் பணி நீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் 4,000க்கும் மேல் ஆசிரியர்கள். அவர்கள் இடத்துக்குக் கணிசமாக வந்தவர்கள் சில வாரப் பயிற்சி முடித்த, வெளியூர், பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் வென்றார்கள். 2014இல் லூசியானா உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது.